மணியின் 18 நகங்கள்

டைல்ஸ் தரையில் எங்கள் நாய் மணி நடந்தால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். வீட்டுக்கு வந்த புதிதில் அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எந்த அறையில் இருக்கிறான் என்று தேடவே வேண்டாம். தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோதுதான் கால்நடை மருத்துவர் விஷயத்தைச் சொன்னார். நாய் நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொடக் கூடாது. நடக்கும்போது சத்தம் கேட்டாலே நகம் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு அடியிலும் தரை அந்த நகத்தை மேலே தள்ளும், விரல் கோணும். அந்த உறுத்தலைத் தவிர்க்க நாய் தன் பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கப் பழகிவிடும். மணி அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் நிற்கிற வாகே அப்படி என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்களிடம் வரும்போதே அவனுக்கு நாலு வயது. எடை 22 கிலோ. உடம்பு முழுக்கக் கறுப்பு, இடது பின்னங்கால் நுனி மட்டும் வெள்ளை. முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நாலு நாலு, ஆக 18 நகங்கள். அதில் இரண்டுதான் வெள்ளை, மற்ற 16ம் கன்னங்கரேல் என்றிருக்கும். கறுப்பு நகம் ஏன் கவலை தரும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் தடவை நான் வெட்டவில்லை. நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு பேர் அவனைப் படுக்கவைத்து அமுக்கிக்கொள்ள, மூன்றாமவர் மளமளவென்று வெட்டினார். பத்து நிமிடத்தில் முடிந்தது. "சமர்த்துப் பையன் சார், அசையவே இல்லை" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு நகங்களின் நுனியில் ரத்தம் உறைந்திருந்தது. நாலு நாள் கழித்து அவன் பாதத்தில் ஒட்டியிருந்த ஒரு முள்ளை எடுக்கக் குனிந்தேன். உறுமல்கூட இல்லாமல் வெடுக்கென்று திரும்பிக் கவ்வ வந்தான். பல் தோலில் படவில்லை, காற்றில் கடித்ததோடு நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் போக அவன் விரும்பவில்லை என்பது தெளிவாகவே தெரிந்தது.

அந்த இடத்தில் அவன் அசையாமல் கிடந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது சம்மதமே இல்லை. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துவிட்டால் நாய் உறைந்துபோய்க் கிடக்கும். வெளியே பார்த்தால் சாது, உள்ளே பயம் உச்சத்தில் இருக்கும். அந்தப் பயம் அடுத்த முறை வேறு உருவத்தில் வெளியே வரும். எங்களுக்கு முள் எடுக்கும்போது வந்தது.

"வீட்லயே நாங்க ரெண்டு பேர் பிடிச்சுக்கறோம்டா, நீ வெட்டு. அதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கறியே" என்றாள் அக்கா. நான் மறுத்துவிட்டேன். இன்னும் பத்து வருடமாவது மணி எங்களோடு இருக்கப்போகிறான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டினால்கூட நூற்றைம்பது தடவைக்கு மேல் வரும். அத்தனை முறையும் மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை, அவனுக்கும் அந்தத் தண்டனை வேண்டாம். எத்தனை நாள் ஆனாலும் சரி, அவனாகவே காலைக் கொடுக்கும் வரை வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். அப்படி 18 நகத்தையும் வெட்டி முடிக்க 11 வாரம் ஆனது. தேதி போட்டு எழுதிவைத்த நோட்டிலிருந்து இதைத் தருகிறேன்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் மறுபடியும் காட்டினேன். பாதத்தில் புண், விரலிடுக்கில் தொற்று, உடைந்த நகம், மூட்டுவலி என்று ஏதாவது இருந்தால் எந்தப் பயிற்சியும் எடுபடாது, வலிக்கிற இடத்தைத் தொட விடாத நாயைக் குறை சொல்லவும் முடியாது. அப்படி ஒன்றும் இல்லை. நகம் எதுவும் வளைந்து சதைக்குள் இறங்கவில்லை, அதனால் அவகாசம் இருந்தது. ஒருவேளை இறங்கியிருந்தால் மயக்கமருந்து கொடுத்து ஒரு முறை அவரே வெட்டிவிட்டு, பிறகு பயிற்சியைத் தொடங்கலாம் என்றார். இது நல்ல யோசனை. அவசரத்தையும் பயிற்சியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் வாரம் நகவெட்டியை அலமாரியில் பூட்டிவைத்தேன். எங்கே தொட்டால் மணிக்குச் சரி, எங்கே தொட்டால் சரியில்லை என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. தோளில் கை வைத்தால் உடம்பு இளக்கமாகவே இருந்தது. முழங்கையிலும் அப்படித்தான். மணிக்கட்டுக்குக் கீழே கை இறங்கியதும் நாக்கை நீட்டி மூக்கை ஒரு முறை நக்கிக்கொண்டான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். பசியில்லாத நேரத்தில் மூக்கை நக்குவது, தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணால் மட்டும் பார்ப்பது, அப்போது கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, வாயை இறுக்கி மூடிக்கொள்வது: இவையெல்லாம் நாய் மெல்லிய குரலில் 'வேண்டாம்' என்று சொல்லும் வழிகள். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இந்தச் சைகைகளைத் தொகுத்துப் பரவலாக அறியச் செய்தவர். உறுமல் இவற்றுக்குப் பிறகு வருவது. உறுமினால் அதட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதட்டினால் உறுமல் நின்றுவிடும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் பல் வரும். மணிக்கு ஏற்கெனவே யாரோ அப்படிப் பழக்கியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆக, பயிற்சி முழங்கையில் தொடங்கியது. தொடுவேன், வேகவைத்த கோழிக்கறியில் பட்டாணி அளவு ஒரு துணுக்கு கொடுப்பேன், கையை எடுப்பேன். இரண்டு நிமிடம், காலையும் மாலையும். அவ்வளவுதான். அன்றன்றைக்குக் கொடுத்த துணுக்குகளுக்கு ஈடாக அவன் வழக்கமான சாப்பாட்டில் குறைத்துக்கொண்டேன். தின்பண்டம் ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

இங்கே நான் செய்த தப்பு பலரும் செய்வது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். முதல் மூன்று நாள் துணுக்கை முதலில் அவன் மூக்கருகே காட்டிவிட்டு, அவன் தின்னும்போது காலைத் தொட்டேன். கவனத்தைத் திருப்புவதாக எனக்கு நினைப்பு. நாலாம் நாள், கறித் துணுக்கோடு கையை நீட்டினேன், மணி எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். கறி வந்தால் அடுத்து காலைப் பிடிப்பார்கள் என்று அவன் கற்றுக்கொண்டிருந்தான்! ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் நாய்களிடம் கண்டது இதைத்தான். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். சாப்பாட்டுக்கு முன்னால் எது வருகிறதோ அது சாப்பாட்டின் அறிவிப்பாகிவிடும். அதைக் கேட்டாலே எச்சில் ஊறும். நான் வரிசையைத் தலைகீழாகப் போட்டதால் கறி கெட்ட சேதியின் அறிவிப்பாகிவிட்டது. அன்றிலிருந்து தொடுவது முதலில், ஒரு நொடி இடைவெளி, பிறகுதான் கறி என்று மாற்றினேன். துணுக்குகள் இருந்த கிண்ணத்தையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஐந்து நாளில் மாற்றம் தெரிந்தது. மணிக்கட்டைத் தொட்டதும் தலையைத் திருப்பாமல் என் முகத்தைப் பார்த்தான். 'எங்கே என் துண்டு?' என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வை வந்தால்தான் இரண்டு விரல்கடை கீழே இறங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் முடியும்போது பாதத்தைக் கையில் ஏந்தி மூன்று நொடி வைத்திருக்க முடிந்தது. அடுத்தது தாடை.

ஒரு முக்காலியில் பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டேன். அதில் மணி தாடையை வைத்தால் நான் வேலையைத் தொடங்குவேன். தாடையைத் தூக்கினால் அந்த நொடியே கையை எடுத்துவிடுவேன். ஒப்பந்தம் இவ்வளவுதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. விலங்குக்காட்சிச் சாலைகளில் பெரிய விலங்குகளைக்கூடக் கட்டிப்போடாமல், மயக்காமல், ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் தாமாகவே உடம்பைக் காட்டப் பழக்குகிறார்கள். சிராக் படேல் என்ற பயிற்சியாளர் நாய்களுக்காக இதேபோன்ற ஒரு விளையாட்டைப் பிரபலப்படுத்தினார். அதில் தின்பண்டம் உள்ள சிறு வாளியை நாய் பார்த்துக்கொண்டிருக்கும் வரைதான் வேலை நடக்கும், பார்வையை எடுத்தால் நின்றுவிடும். எனக்குத் தாடை வைப்பது வசதியாகப் பட்டது, தலை ஓரிடத்தில் நிற்கும்.

தாடை வைக்க மூன்று நாளில் பழகிவிட்டான். அதன் பிறகு அவன் செய்ததுதான் என்னை அசத்தியது. நாலாம் நாள் ஒரே அமர்வில் 14 முறை தாடையைத் தூக்கினான். வைப்பான், நான் காலைத் தொடுவேன், தூக்குவான், கையை எடுப்பேன். உடனே மறுபடியும் வைப்பான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "உன்னோட விளையாடறான்டா இவன். இப்படியே போனா என்னைக்கு வெட்டறது?" என்றாள். விளையாட்டு இல்லை, அவன் சோதித்துப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. 'நான் தூக்கினால் இவன் உண்மையிலேயே நிறுத்துவானா?' பதினாலு முறையும் நிறுத்தினேன். மறுநாள் 9 முறை தூக்கினான். அதற்கடுத்த நாள் 3. வாரக் கடைசியில் ஒரு முறைகூட இல்லை. வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது, சொன்னால் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பல்லைக் காட்ட அவனுக்கு அவசியம் இல்லாமல் போனது.

இதைக் கேட்ட ஒரு நண்பர், "நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும், இல்லேன்னா ஏறி உட்கார்ந்துடும்" என்றார். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் வேண்டும். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து, கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயிப்பதே தலைமை ஓநாய் என்ற எண்ணம் பரவியது. காட்டில் வாழும் ஓநாய்களைப் பல்லாண்டு ஆய்ந்த டேவிட் மெக், 1999இல் வெளியிட்ட கட்டுரையில் அதைத் திருத்தினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான். பெற்றோர் வழிநடத்துகிறார்கள், பிள்ளைகள் பின்தொடர்கிறார்கள். மணி என்னைக் கவ்வ வந்தது பதவிப் போட்டி இல்லை. அவனுக்கு நகம் வலித்தது.

நாலாம் வாரம் நகவெட்டி வெளியே வந்தது. பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன். முனை மழுங்கிய நகவெட்டி நகத்தை வெட்டாது, நசுக்கும். அந்த அழுத்தமே உள்ளே வலிக்கும். கத்தரிபோல இரண்டு பக்கமும் அலகு உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். துளைக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் வகையைவிட இதில் எங்கே வெட்டுகிறோம் என்று நன்றாகத் தெரிகிறது. நகத்தை அரைத்துத் தேய்க்கும் மோட்டாரும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பதால் கறுப்பு நகத்துக்கு நல்லதுதான். ஆனால் ஒரே இடத்தில் வைத்தால் சூடேறும், பாதத்து முடி சிக்கும், சத்தமும் அதிர்வும் வேறு பழக்க வேண்டும். மணிக்கு இருக்கிற பயமே போதும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் நகவெட்டி தரையில் கிடந்தது, பக்கத்தில் கறி. பிறகு என் கையில். பிறகு காலருகே. பிறகு அதன் முதுகுப்பக்கத்தால் நகத்தை ஒரு தட்டு. சத்தத்துக்குத் தனிப் பயிற்சி. தீக்குச்சியின் மருந்து முனையைக் கிள்ளிப்போட்டுவிட்டு வெறும் குச்சியை நகவெட்டியால் வெட்டினால் நகம் வெட்டுவது போலவே 'டக்' என்று கேட்கும். அறையின் மறுகோடியில் தொடங்கி, டக், கறி, டக், கறி. ஒரு பெட்டித் தீக்குச்சி காலியானது.

ஐந்தாம் வாரம் சறுக்கல். ராத்திரி முழுக்க இடி இடித்தது, மணி தூங்கவில்லை. மறுநாள் காலை நான் வழக்கம்போல முக்காலியைப் போட்டேன். துண்டைப் பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். முந்தின நாளின் பதற்றம் உடம்பில் மிச்சமிருக்கும்போது சின்னத் தொடுதலும் பெரிதாகப் படும். இரண்டு நாள் விடுமுறை விட்டேன், பிறகு ஒரு வாரத்துக்கு முந்தைய படியிலிருந்து மறுபடியும் ஏறினோம். அந்த நாட்களில்தான் அவனுக்கு வாய்க்கூடும் பழக்கினேன். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டவே வேண்டாம். அதில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க முடியாது, உடம்புச் சூடு ஏறிவிடும். வாய் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகை நல்லது. அதன் அடியில் கறியை வைத்தால் தானே மூக்கை நுழைப்பான். நகம் வெட்ட அது தேவைப்படவில்லை. ஆனால் என்றாவது அடிபட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, வலியில் எந்த நாயும் கடிக்கும். அன்றைக்குக் கூடு புதிதாக இருக்கக் கூடாது.

அக்கா பையனுக்கு ஆறு வயது. பயிற்சி நேரத்தில் அவன் கதவுக்கு அந்தப் பக்கம்தான். மணி படுத்திருக்கும்போதோ சாப்பிடும்போதோ காலைத் தொடுவது கிடையாது என்பது வீட்டுச் சட்டம். ஒருவேளை எந்த நாயாவது கடித்துத் தோல் கீறினால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும். இதை அவனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

ஆறாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் வெட்டு.

வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வெள்ளை நகத்தில் தொடங்கினேன். அதில் உள்ளே ஓடும் இளஞ்சிவப்புச் சதை வெளியே தெரியும். ரத்தக்குழாயும் நரம்பும் அதில்தான். அது முடியும் இடத்துக்கு முன்னால், நகம் கீழ்நோக்கி வளையும் கொக்கி முனையை மட்டும் வெட்டினேன். டக். கறி. மணி தாடையை எடுக்கவில்லை. அவ்வளவுதான், அன்றைய வேலை முடிந்தது. ஒரே ஒரு நகம். அக்கா கைதட்டப் போனாள், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

கறுப்பு நகத்தில் உள்ளே எதுவும் தெரியாது. அதற்கு இரண்டு அடையாளங்கள் உதவின. ஒன்று, காலைப் பின்னோக்கி மடக்கி நகத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் நுனியில் ஒரு சின்னப் பள்ளம், கால்வாய் மாதிரி தெரியும். பள்ளம் உள்ள வரை உள்ளே சதை இல்லை. அது நிரம்பித் திரண்டு தெரியும் இடத்திலிருந்து எச்சரிக்கை. இரண்டாவது, ஒரேயடியாக வெட்டாமல் காகிதம்போல மெல்லிசாகச் சீவிக்கொண்டே வந்து, வெட்டிய முகத்தை ஒவ்வொரு முறையும் பார்ப்பது. முதலில் காய்ந்த சுண்ணாம்புபோல வெளிறித் தூளாக இருக்கும். இன்னும் இரண்டு சீவல் போனால் நடுவில் ஈரப்பசையோடு ஒரு கரும்புள்ளி தோன்றும். அங்கே நிறுத்திவிட வேண்டும். புள்ளிக்கு அடுத்தது ரத்தம். ஒரு விரலை மற்றவற்றிலிருந்து பிரித்து, பாதத் திண்டைக் கீழிருந்து லேசாக அழுத்தினால் நகம் முன்னுக்கு வரும். காலைப் பக்கவாட்டில் இழுக்கக் கூடாது, மூட்டு அந்தப் பக்கம் அவ்வளவாக மடங்காது. காலைப் பிடித்துத் திருப்பும்போது நாய்கள் முரண்டு பிடிப்பதில் பாதி இதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஏழாம் வாரம் ரத்தம் வந்தது. வலது முன்னங்கால், நடு விரல். புள்ளியைப் பார்த்தேன், இன்னும் ஒரு சீவல் தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை. மணி 'ஐங்' என்று ஒரு சத்தம் போட்டுத் தாடையைத் தூக்கிக் காலை இழுத்துக்கொண்டான். கடிக்க வரவில்லை, ஓடவும் இல்லை. ஒரு அடி தள்ளி நின்று என்னைப் பார்த்தான். பக்கத்திலேயே ரத்தம் நிறுத்தும் தூள் வைத்திருந்தேன். அதைத் தொட்டு நுனியில் வைத்துச் சில நிமிடம் அழுத்தியதும் நின்றது. தூள் இல்லாவிட்டால் சோள மாவும் அவசரத்துக்கு உதவும். அழுத்திப் பிடித்தும் கால் மணி நேரத்துக்கு மேல் ரத்தம் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அன்று எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. ஏழு வாரமும் போய்விட்டது என்று நினைத்தேன். மூன்று நாள் வெட்டவே இல்லை, துண்டு, தாடை, கறி மட்டும். நாலாம் நாள் முக்காலியைப் போட்டதும் வந்தான். மூக்கை ஒரு முறை நக்கினான். வைத்தான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாரா வாரம் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே வந்தால் உள்ளே இருக்கும் சதையும் மெல்லப் பின்வாங்கும். நீளமான நகத்தை ஒரே நாளில் குட்டையாக்க முடியாது, இப்படித்தான் முடியும். முன்னங்கால்களில் உள்பக்கம் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை நகத்தைத்தான் பலரும் மறப்பார்கள். அது தரையில் படாது, தேயாது, அப்படியே வட்டமாக வளைந்து சதையில் குத்தும். மணிக்கு முக்கால் வட்டம் வந்திருந்தது. ஒன்பதாம் வாரம் அதை முடித்தோம். அக்கா ஒருத்தியாகவே வெட்டப் பழகிக்கொண்டாள். அவள் வெட்டும்போது கறிக்குப் பதிலாக ஒரு தட்டில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி நக்கவிடுவாள். அதை வாங்கும்போது லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த வகைகள் இருக்கின்றன, அது நாய்க்குக் கொஞ்சம் போனாலும் கடும் விஷம்.

பதினோராம் வாரம் 18 நகமும் தரையைவிட்டு எழும்பின. மணி இப்போது நாலு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்கிறான். புதன்கிழமை முன்னங்கால், ஞாயிற்றுக்கிழமை பின்னங்கால் என்று பிரித்திருக்கிறோம். வலது பின்னங்காலின் வெளிப்பக்கக் கடைசி நகம் மட்டும் இன்னும் அவனுக்குப் பிடிக்கவில்லை. முதல் தடவை முடி திருத்தும் இடத்தில் வெட்டியபோது ரத்தம் உறைந்திருந்த இரண்டில் அதுவும் ஒன்று. இந்த ஞாயிறு அதைத் தொட்டதும் இரண்டு முறை தாடையைத் தூக்கினான். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாவது முறை வைத்தான். மெல்லிசாக ஒரு சீவல் எடுத்தேன். மீதி அடுத்த ஞாயிறு.